அந்நியப் படையெடுப்பும் நம் மண்ணும்: பரங்கிப்பேட்டைப் போரின் படிப்பினைகள்

  

  

போன வாரம் அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். மக்தபு பிள்ளைகள் நாலைந்து பேர் ஒரு செல்போனைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆப்கானிஸ்தானைப் பற்றி ஒரு வீடியோ. வெள்ளைக்காரன் போனான், தோற்றான். ரஷ்யா போனது, தோற்றது. அமெரிக்கா போனது, அதுவும் தோற்றது. பின்னணியில் பெரிய சத்தத்தோடு ஒரு நஷீத். பிள்ளைகளுக்குக் கண்ணெல்லாம் பளபளப்பு. என்னைப் பார்த்ததும் பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் கேட்டான்: "ஹஜ்ரத், நம்ம பக்கத்துல இந்த மாதிரி யாராவது எதிர்த்து நின்னிருக்காங்களா?"

நல்ல கேள்வி. அதற்குத்தான் இன்றைய பயான்.

முதலில் அந்த வீடியோவில் விடுபட்ட சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். 1842 ஜனவரியில் காபூலிலிருந்து பின்வாங்கிய ஆங்கிலப் படையும் அதைச் சார்ந்தவர்களும் ஏறத்தாழ 16,000 பேர். ஜனவரி 13 அன்று டாக்டர் பிரைடன் என்பவர் மட்டும் அரை உயிராக ஜலாலாபாத் கோட்டை வாசலுக்கு வந்து சேர்ந்தார் என்பது பிரபலமான செய்தி. ஆனால் அந்த 16,000 பேரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் எவ்வளவு என்று நினைக்கிறீர்கள்? ஏறத்தாழ 700 பேர். மற்றவர்களெல்லாம் இந்துஸ்தானத்திலிருந்து சம்பளத்துக்குப் போன சிப்பாய்களும், சமையல்காரர்களும், ஒட்டகம் ஓட்டியவர்களும், அவர்களுடைய பெண்டு பிள்ளைகளும்தான். பனியில் விறைத்துச் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் நம் நாட்டு ஏழைகள். அவர்களில் முஸ்லிம்களும் உண்டு.

இன்னொன்று. சோவியத் படை 1989 பிப்ரவரி 15ஆம் தேதி வெளியேறியது. அதற்குப் பிறகு காபூல் நகரம் நிம்மதியாக இருந்ததா? 1992 முதல் 1996 வரை, ரஷ்யாவை விரட்டிய அதே முஜாஹித் குழுக்கள் ஒருவர் மீது ஒருவர் ராக்கெட் வீசி அந்த நகரத்தைத் தரைமட்டமாக்கினார்கள். ரஷ்யா காலத்தில் தப்பித்து நின்ற தெருக்கள் சகோதரச் சண்டையில் இடிந்தன. அமெரிக்கா 2021 ஆகஸ்டில் போனது. இன்று அங்கே ஆறாம் வகுப்புக்கு மேல் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடக் கதவு அடைக்கப்பட்டிருக்கிறது. கல்வி தேடுவதைக் கடமையாக்கிய மார்க்கத்தைச் சேர்ந்தவர்கள் நாம். இதைப் பார்த்து எனக்குச் சந்தோஷப்பட முடியவில்லை. அந்நியனை விரட்டியவர்களின் துணிச்சலை மறுக்கவும் முடியவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

நம் சாலை போய்ச் சேரும் ஊர்

நம் கம்மாபுரத்து வழியாகப் போகும் சாலையைப் பிடித்து சேத்தியாத்தோப்பு, புவனகிரி தாண்டிப் போனால் பி.முட்லூர். அதைத் தாண்டினால் பரங்கிப்பேட்டை. நமக்குச் சம்பந்திகள் உள்ள ஊர். மையித்துக்கும் கல்யாணத்துக்கும் போய் வருகிற ஊர். ஆனால் அந்தப் பெயரை யோசித்திருக்கிறோமா? பழைய முஸ்லிம்கள் அதை மஹ்மூது பந்தர் என்றார்கள். 'பந்தர்' என்றால் துறைமுகம். அதே ஊருக்கு இன்னொரு பெயர் பரங்கிப்பேட்டை. அரபியில் ஐரோப்பியரை 'இஃப்ரன்ஜ்' என்போம். சிலுவைப் போர்க் காலத்துச் சொல். அதுதான் பாரசீகத்தில் 'ஃபரங்கி' ஆகி, தமிழில் 'பரங்கி' ஆனது. போர்த்துகீசியர் வந்தார்கள், டச்சுக்காரர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள். துணி வாங்க வந்தவர்கள் கிடங்கு கட்டினார்கள், கிடங்கைக் காக்கப் படை வைத்தார்கள், பிறகு ஊரே அவர்கள் பெயரில் ஆகிவிட்டது.

அந்த ஊருக்கும் முட்லூருக்கும் இடைப்பட்ட மணல்மேட்டில்தான் 1781 ஜூலை 1ஆம் தேதி, ஹிஜ்ரி 1195 ரஜப் மாதம், மைசூர் ஹைதர் அலிக்கும் கிழக்கிந்தியக் கும்பினிக்கும் பெரும்போர் நடந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் 'இரண்டாம் மைசூர் போர்: போர்ட்டோ நோவோ' என்று ஒற்றை வரியில் இருக்கும். போர்ட்டோ நோவோ என்பது பரங்கிப்பேட்டைதான் என்று நம் பிள்ளைகளில் பாதிப் பேருக்குத் தெரியாது.

ஹைதர் 1780 ஜூலையில் கர்நாடகப் பகுதிக்குள் இறங்கினார். செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரம் பக்கம் பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையை அடியோடு நசுக்கினார். அங்கே மைசூர்ப் படையின் ராக்கெட்டுகள் பெரும் பீதியைக் கிளப்பின. பக்கத்திலேயே காஞ்சிபுரத்தில் இருந்த தளபதி மன்றோ, பெய்லியைக் காப்பாற்றப் போகாமல், பெரிய பீரங்கிகளைக் குளத்தில் தள்ளிவிட்டு மதராசுக்கு ஓடினார். இந்தியாவில் கும்பினி அதுவரை அப்படி ஓர் அடி வாங்கியதில்லை. நவம்பர் 3ஆம் தேதி ஆற்காடும் ஹைதர் கைக்கு வந்தது. இதுவரை கேட்டால் வீடியோவுக்குப் பொருத்தமான கதைதான்.

அடுத்த வருடம் வங்காளத்திலிருந்து வந்த தளபதி ஐர் கூட், கடலூரிலிருந்து புறப்பட்டுச் சிதம்பரத்தைப் பிடிக்க வந்தார். நடராஜர் கோயிலின் மதில்களைக் கோட்டையாக வைத்துக்கொண்டு ஹைதரின் காவல் படை உள்ளே இருந்தது. ஜூன் 18 இரவு கூட் தாக்கினார், அடிபட்டுத் திரும்பினார். அதற்கு முன்பு நடந்த போர்களில் பிரெஞ்சுக்காரரும் ஆங்கிலேயரும் அதே கோயிலைக் கோட்டையாக்கியிருந்தார்கள். யாருடைய வழிபாட்டிடமாக இருந்தாலும் அதைப் பீரங்கி மேடையாக்குவது எனக்கு வருத்தமான செய்திதான். சூரா ஹஜ்ஜின் 40ஆம் வசனத்தில் மடங்களையும் ஆலயங்களையும் பள்ளிவாசல்களையும் அல்லாஹ் ஒரே வரிசையில் வைத்துப் பேசுகிறான். மற்றவர் வழிபாட்டிடத்துக்குக் கண்ணியம் கொடுப்பது நமக்குப் புதிய பாடமல்ல.

தோற்ற கூட் பரங்கிப்பேட்டைக் கடற்கரைக்கு வந்து ஒதுங்கினார். சோறு, மருந்து, குண்டு எல்லாம் கப்பலில் வந்தாக வேண்டிய நிலை. செய்தி கேட்ட ஹைதர் விரைந்து வந்து, கடலூர்ச் சாலையை மறித்து முட்லூர் பக்கம் மண்ணரண் எழுப்பிப் பீரங்கிகளை நிறுத்தினார். கூட்டிடம் இருந்தவர்கள் சுமார் 8,000 பேர். ஹைதரின் படை அதைப்போலப் பல மடங்கு. யாரைக் கேட்டாலும் கும்பினி அன்றோடு முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

கூட் நேராக அந்த மண்ணரணில் மோதவில்லை. கடல் பக்கம் ஒதுங்கி, மணல்மேடுகளுக்கு நடுவே இருந்த ஒரு வழியில் நுழைந்து பக்கவாட்டில் வந்தார். அந்த வழி, ஹைதரின் ஆட்களே தங்கள் பீரங்கிகளைக் கொண்டுபோகத் திறந்து வைத்திருந்த வழி! மணல்மேட்டைப் பிடித்த பிரிவை ஹைதரின் குதிரைப்படை திரும்பத் திரும்பத் தாக்கியது, எடுபடவில்லை. கரைக்கு அருகே வந்த கப்பலிலிருந்தும் சுட்டார்கள். ஹைதரின் மைத்துனர் மீர் சாஹிப் உயிர்போகும் காயம் பட்டார். மாலைக்குள் களம் கும்பினியின் கையில். ஹைதர் தோல்வியை ஏற்க மனமில்லாமல் முக்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தார், பழைய பணியாள் ஒருவர் அவர் காலில் செருப்பை மாட்டி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இப்போது குதிரை ஏறுங்கள் என்று சொல்லிக் கிளப்பினார் என்று ஆங்கிலேய வரலாற்றாசிரியர் வில்க்ஸ் எழுதியிருக்கிறார்.

இந்த இடத்தில் எனக்கு ஹுனைன் ஞாபகம் வருகிறது. மக்கா வெற்றிக்குப் பிறகு 12,000 பேரோடு புறப்பட்ட படை அது. இன்று எண்ணிக்கைக் குறைவால் நாம் தோற்கப் போவதில்லை என்று சிலர் நினைத்தார்கள். பள்ளத்தாக்கில் அம்பு மழை பொழிந்ததும் கலைந்து ஓடினார்கள். நபி (ஸல்) அவர்களும் சிலரும் மட்டும் நிலைத்து நின்றார்கள். பெருகிய எண்ணிக்கை உங்களைப் பெருமைப்பட வைத்தது, ஆனால் அது உங்களுக்குப் பயன்படவில்லை என்ற கருத்தில் சூரா தவ்பாவின் 25ஆம் வசனம் அதை நினைவூட்டுகிறது. நபித்தோழர்களுக்கே இந்தப் பாடம் என்றால் ஹைதர் எம்மாத்திரம், நாம் எம்மாத்திரம்?

யாரோடு யார் சண்டை போட்டார்கள்?

பிள்ளைகளே, இதைக் கவனமாகக் கேளுங்கள். இது முஸ்லிமுக்கும் வெள்ளைக்காரனுக்கும் நடந்த சண்டை என்று நினைத்துவிடாதீர்கள்.

கும்பினி யாருக்காகச் சண்டை போடுவதாகச் சொன்னது? ஆற்காடு நவாப் முஹம்மது அலி வாலாஜாவுக்காக. அவரும் முஸ்லிம். நம் பகுதியெல்லாம் அன்று அவருடைய ஆட்சிக்கு உட்பட்டது. கும்பினிக்காரர்களிடம் கடன்மேல் கடன் வாங்கி, கடனை அடைக்க வரியை அடகு வைத்து, கடைசியில் 1781 டிசம்பரில் நாட்டின் வருவாயையே கும்பினியிடம் ஒப்படைத்தார். ஆற்காட்டைக் காப்பாற்ற வந்த கும்பினி 1801இல் ஆற்காட்டையே எடுத்துக்கொண்டது. அவர் வாரிசுக்கு மிஞ்சியது பட்டமும் மானியமும்தான். வட்டிக் கடன் ஒரு குடும்பத்தை என்ன செய்யும் என்று மிம்பரில் பலமுறை பேசியிருக்கிறேன். ஒரு நாட்டையே என்ன செய்தது என்பதற்கு நம் நாட்டு நவாபே சாட்சி.

கூட்டின் 8,000 பேரில் பெரும்பாலோர் யார்? நம் நாட்டுச் சிப்பாய்கள். காபூல் பனியில் பார்த்தோமே, அதே கதை. ஹைதரின் படையிலும் எல்லா மதத்தாரும் இருந்தார்கள், ஐரோப்பியக் கூலிப்படையும் இருந்தது. ஹைதருக்குத் துணை யார்? பிரெஞ்சுக்காரர், அவர்களும் பரங்கிகள்தான். 1782 ஏப்ரலில் கடலூரைப் பிரெஞ்சுப் படை பிடித்தது. 1783 ஜூனில் கடலூர்க் கோட்டைக்கு வெளியே ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் கடும் போர் நடத்தினார்கள். கடலில் சுஃப்ரன் என்ற பிரெஞ்சு அட்மிரல் ஆங்கிலக் கப்பல்களைத் திரும்பிப் போக வைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர் கை ஓங்கியிருந்த நேரத்தில் ஐரோப்பாவில் சமாதானம் ஆகிவிட்டது என்று செய்தி வந்தது. உடனே துப்பாக்கியை இறக்கிவிட்டார்கள். மங்களூர்ப் பக்கம் அவர்களோடு சேர்ந்து போரிட்டுக்கொண்டிருந்த திப்பு சுல்தானைத் தனியே விட்டுவிட்டு ஒதுங்கினார்கள். 1784 மார்ச் 11ஆம் தேதி மங்களூர் ஒப்பந்தம் ஆகும் வரை அவர் தனியாகத்தான் நின்றார். ஒரு அந்நியனை விரட்ட இன்னொரு அந்நியனின் தோளில் கை போட்டால், அவன் ஊரிலிருந்து கடிதம் வரும்வரைதான் அந்தத் தோள் இருக்கும்.

ஹைதருக்கு இது புரிந்தே இருந்தது. எத்தனை பெய்லிகளைத் தோற்கடித்தாலும் கடலை என்னால் வற்ற வைக்க முடியாதே என்று அவர் கடைசிக் காலத்தில் வருந்தியதாகச் சொல்வார்கள். கப்பல் இல்லாதது அவருடைய பெரிய குறை. குதிரையை நம்பியவர், கடல் வழியை அந்நியனிடம் விட்டுவிட்டார். நம் மரைக்காயர்கள் அரபு நாட்டுக்கும் மலாக்காவுக்கும் கப்பல் விட்டவர்கள். கடல் தெரிந்த அந்தச் சமூகம் ஹைதருக்குக் கைகொடுத்திருக்கக் கூடாதா?

மஹ்மூது பந்தர் கொள்ளை

இங்கேதான் எனக்கு மிகவும் கசப்பான செய்தி வருகிறது. மறைத்துவிட்டுப் போகலாம், யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் மிம்பர் மறைப்பதற்கான இடமல்ல.

1780இல் ஹைதர் இறங்கிய உடனே தன் மகன் கரீம் சாஹிபைக் குதிரைப்படையோடு எங்கே அனுப்பினார் தெரியுமா? பரங்கிப்பேட்டைக்கு. மஹ்மூது பந்தரின் கடைகளும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. அங்கே வியாபாரம் செய்தவர்களில் கலிமா சொன்னவர்கள் எத்தனை பேர், செட்டியார்கள் எத்தனை பேர், நெசவாளர்கள் எத்தனை பேர்! இதை ஆங்கிலேயர் மட்டும் எழுதவில்லை. ஹைதரையும் திப்புவையும் மெச்சி எழுதிய கிர்மானியும் எழுதியிருக்கிறார்.

அதோடு முடியவில்லை. கும்பினிப் படைக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்பதற்காக மதராசைச் சுற்றியுள்ள கிராமங்களை எரிக்கச் சொன்னார். பயிர் எரிந்தது, ஆடு மாடு போனது, குடிகள் ஊரைவிட்டு ஓடினார்கள். 1782, 83இல் கடும் பஞ்சம் வந்து மதராசுத் தெருக்களில் மக்கள் விழுந்து செத்தார்கள். போர்த் தந்திரம் என்று பார்த்தால் அது கெட்டிக்காரத்தனம். நம் மார்க்கத்தின் தராசில் வைத்தால்?

அபூபக்ர் ஸித்தீக் (ரலி) அவர்கள் ஷாம் தேசத்துக்குப் படை அனுப்பியபோது, தளபதி யஸீத் இப்னு அபீ சுஃப்யான் (ரலி) அவர்களோடு நடந்தே வந்து வழியனுப்பினார்கள். பெண்களை, குழந்தைகளை, முதியவர்களைக் கொல்லக் கூடாது, காய்க்கிற மரத்தை வெட்டக் கூடாது, குடியிருப்பைப் பாழாக்கக் கூடாது, உண்பதற்குத் தவிர ஆட்டையோ ஒட்டகத்தையோ அறுக்கக் கூடாது, மடங்களில் வணக்கத்துக்காக ஒதுங்கியவர்களை அவர்கள் போக்கில் விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொன்றாக எண்ணிச் சொன்னார்கள். முவத்தாவில் இது இருக்கிறது. மத்ரஸாவில் இந்தப் பாடம் நடந்த அன்று எங்கள் உஸ்தாத் கிதாபை மூடி வைத்துவிட்டு, எதிரி நாட்டின் மரத்துக்குக்கூட ஹக்கு உண்டு என்று சொல்லி அழுதார். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

இப்போது சொல்லுங்கள். நெல் எரிந்த விவசாயிக்கு, எரித்தவன் கும்பினியா ஹைதரா என்பதில் என்ன வித்தியாசம்? அவன் எந்தப் பக்கம் சேருவான்? கும்பினி இந்தத் தேசத்தைக் கொள்ளையடிக்க வந்தது என்பது உண்மை. ஹைதரும் திப்புவும் அதை மற்ற மன்னர்களைவிடத் தெளிவாகப் பார்த்தார்கள், உயிரைக் கொடுத்து எதிர்த்தார்கள் என்பதும் உண்மை. திப்பு 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் வாளோடு விழுந்தார். அதை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆனால் கர்நாடகப் பகுதியின் குடிமக்கள் மனதில் ஹைதர் காவலராக இடம் பிடிக்கவில்லை, தீவைத்தவராகத்தான் இடம் பிடித்தார். மணல்மேட்டில் தோற்பதற்கு முன்பே ஏதோ ஒன்றை எரிந்த அந்தக் கிராமங்களில் அவர் தோற்றிருந்தார் என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து. ஆலிம் பெருமக்கள் வேறு விதமாகச் சொல்லலாம்.

சில சகோதரர்கள் சொல்வார்கள்: "ஹஜ்ரத், இன்றைக்கு இருக்கிற சூழ்நிலையில் நம்மவர் குறையை நாமே பேசலாமா? திப்புவின் பெயரை அழிக்க எத்தனை பேர் காத்திருக்கிறார்கள்!" அந்தக் கவலை எனக்கும் உண்டு. ஆனால் சூரா அன்னிஸாவின் 135ஆம் வசனம் நமக்கோ நம் பெற்றோருக்கோ உறவினருக்கோ பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சியாக நிற்கச் சொல்கிறது. அநீதி இழைக்கப்பட்டவனுக்கும் அநீதி இழைத்தவனுக்கும் உதவச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அநீதி இழைத்தவனுக்கு உதவுவது என்பது அவன் கையைப் பிடித்துத் தடுப்பதுதான் என்று விளக்கினார்கள். கரீம் சாஹிபின் கையைப் பிடிக்க அன்று யாரும் இல்லை. நம் குறையை நாமே சொல்லிவிட்டால், மற்றவன் அதை வைத்துப் பொய் சேர்க்க முடியாது. மறைத்து வைத்தால் நம் பிள்ளை ஒருநாள் அதை வேறு எங்கோ படிப்பான். படித்துவிட்டு, ஹஜ்ரத் சொன்ன மற்றதையும் சந்தேகப்படுவான்.

அடுத்து, இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சூரா அன்ஃபாலின் 46ஆம் வசனம் பிணக்குக் கொள்ளாதீர்கள், கோழையாகிவிடுவீர்கள், உங்கள் காற்று போய்விடும் என்ற பொருளில் எச்சரிக்கிறது. காற்று போவது என்றால் என்ன என்று கப்பல்காரனைக் கேட்டால் தெரியும், பாய் விரித்தபடி நடுக்கடலில் நிற்க வேண்டியதுதான். ஆற்காட்டாரும் மைசூராரும் ஹைதராபாத் நிஜாமும் மராட்டியரும் ஒரு ஐந்து வருடம் ஒன்றாக நின்றிருந்தால் கும்பினி மதராசுக் கோட்டையைத் தாண்டியிருக்காது. 1780இல் நிஜாமும் மராட்டியரும் ஹைதரும் ஓர் உடன்பாட்டுக்கு வரத்தான் செய்தார்கள். நிஜாம் முதலில் கழன்றார். பிறகு 1782இல் மராட்டியர் தனியாகச் சமாதானம் செய்துகொண்டார்கள். அவர்களை நாம் குறை சொல்கிறோம். ஒரே தெருவில் இரண்டு நாள் பெருநாள் கொண்டாடுகிறோமே, ஒரு கபர்ஸ்தான் வேலி விஷயத்துக்கு இரண்டு ஜமாஅத் கோர்ட்டில் நிற்கிறோமே, நாம் மட்டும் என்ன வாழ்ந்துவிட்டோம்?

ஹைதர் 1782 டிசம்பர் 7ஆம் தேதி சித்தூர் அருகே முகாமில் புற்றுநோய்க் கட்டியால் இறந்தார். அவரை வென்ற கூட்டும் ஐந்து மாதம் தாண்டவில்லை, 1783 ஏப்ரலில் மதராசில் இறந்தார். முட்லூர் மணலில் விழுந்தவர்களில் இரு பக்கத்துச் சிப்பாய்களின் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை. எந்த ஊர்த் தாய் எத்தனை மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாளோ, அல்லாஹ்வுக்குத்தான் தெரியும்.

கேள்வி கேட்ட பையன் இதோ மூன்றாவது ஸஃப்பில் உட்கார்ந்திருக்கிறான். தம்பி, நம் பக்கத்திலும் எதிர்த்து நின்றிருக்கிறார்கள். வீரமாகவும் நின்றார்கள், தப்பும் செய்தார்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை ஃபஜ்ருக்குப் பிறகு வேன் பேசியிருக்கிறோம். மக்தபு பிள்ளைகள் முட்லூர், பரங்கிப்பேட்டை, வெள்ளாற்று முகத்துவாரம் பார்த்துவிட்டு, சிதம்பரம் வழியாக மதில்களையும் வெளியே நின்று பார்த்துவிட்டு லுஹருக்குள் திரும்புகிறோம். கூடப் படிக்கிற மற்ற வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள், நெல் எரிந்தது அவர்கள் பாட்டன் வயலிலும்தான். பேர் கொடுப்பவர்கள் தொழுகை முடிந்ததும் முஅத்தின் ஸாஹிபிடம் கொடுங்கள். ஸஃப்பைச் சரிசெய்துகொள்ளுங்கள்.